ஹாஜியாரின் வர்ணத் தபாலட்டைகள்

பழைய வர்ணப் படங்களைக் காக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு எல்லாம் கைகூடும், தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதை மாமியாருக்கு விளங்கப்படுத்துவது மட்டும் கைகூடாது. என் மாமி இன்றைக்கும் அயல் வீட்டாரிடம் "மருமகளுக்குத் தபாலட்டை பாக்கிற வேல" என்றுதான் சொல்கிறார். கேட்கிறவர்களும் "ஆ, தபால் கந்தோரா?" என்று தலையாட்டிவிட்டு, தங்களுக்கு வராமல் போன பார்சலைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். நூலகம், நூதனசாலை, பழைய பேப்பர் அறை என்று எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும் என் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்டி திறந்த நாள்

எங்கள் நிலையம் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே சீமெந்து, குழாய், ஆணி. மேலே நாங்கள் இரண்டு பேர். பாண்டிருப்பு யோகராணி அக்கா ஸ்கேன் செய்வார். படத்தில் இருப்பது எந்த இடம், எப்படி அச்சடித்தது என்று பார்த்து, விவரம் எழுதி, உறையில் போட்டு அடுக்குவது நான். ஊர்க்காரர்கள் தந்த பழைய கலியாணப் படங்களும் பாடசாலைக் குழுப்படங்களும்தான் அதுவரை எங்கள் சொத்து.

ஒரு நாள் கொழும்பிலிருந்து நஜீமா ராத்தா, எங்கள் வழக்கில் ராத்தா என்றால் அக்கா, ஒரு வேனில் வந்து இறங்கினார். அவருடைய வாப்பா ஹாஜியார் மருதமுனைக்காரர், வாழ்நாளெல்லாம் கப்பல் குசினியில் சமையல் வேலை செய்தவர். மற்றவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் ரேடியோவும் சென்ட்டும் வாங்க, ஹாஜியார் பழைய சாமான் சந்தைகளில் குந்தியிருந்து இலங்கைப் படம் போட்ட பழைய தபாலட்டைகளைப் பொறுக்கியிருக்கிறார். அவர் மௌத்தான பிறகு, அவற்றைப் போட்டு வைத்த பெட்டி மகளிடம் வந்தது. மகள் அதை எங்களிடம் கொண்டு வந்தார்.

மூடியைத் திறந்ததும் யோகா அக்கா "ஐயோ, கடவுளே!" என்று கத்திவிட்டார். கீழே கடைப் பையன்கள் என்னவோ விழுந்துவிட்டது என்று மேலே ஓடி வந்தார்கள். தோடம்பழச் செம்மஞ்சளில் கொழும்புத் துறைமுகம், ஊதா நிறத்தில் மலைகள், கிளிப்பச்சையில் தேயிலை, ரோசாப்பூ நிற வானம். அட்டைகளுக்கு அடியில் சுவரில் மாட்டும் அளவில் பெரிய இயற்கைக் காட்சிப் படங்கள். எல்லாம் நூறு வருசத்துக்கு மேற்பட்டவை. அந்தக் காலத்துக் கமராவுக்கு நிறம் தெரியாது. இங்கே கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பார்கள். இலங்கையைக் கண்ணாலும் காணாத யாரோ ஒருவர்தான் நம்முடைய கடலுக்கு நிறம் தீர்மானித்திருக்கிறார். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு வானத்தைப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் நீலமும் மண் தூவினாற்போல் பொடிப்பொடியாகக் கலந்து கிடந்தன. அடுத்த வானத்தை எடுத்தேன், அதற்கடுத்ததையும் எடுத்தேன். நஜீமா ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வரிசத்துக்குத் தாறன் தங்கச்சி. நம்மட சனம் வந்து பாத்தா இஞ்சயே இரிக்கட்டும். பாக்காட்டி கொழும்புக்குக் கொண்டு போயிருவன். பூட்டி வெக்கிறதுக்கா எண்ட வாப்பா இதெல்லாம் தூக்கித் திரிஞ்சாரு?"

படம் பார்க்காத பார்வையாளர்

சனம் வர வேண்டும் என்றால் கதவைத் திறக்க வேண்டும். சனிக்கிழமைகளில் யாரும் வந்து பார்க்கலாம் என்று படிக்கட்டில் அறிவித்தல் ஒட்டினோம். முதல் சனிக்கிழமை முதல் ஆளாக ஒருவர் வந்தார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சேட்டு, கையில் சொந்தப் பூதக்கண்ணாடி! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஓடிப்போய்க் கதிரை போட்டேன். மிகவும் அழகான அட்டையாகப் பார்த்து, பேராதனைத் தோட்டத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை எடுத்தார், அப்படியே கவிழ்த்தார். அடுத்ததையும் கவிழ்த்தார். கண்டியைக் கவிழ்த்தார், காலியைக் கவிழ்த்தார். பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தபால் முத்திரைகளை மட்டும் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று ரசித்துக்கொண்டே போனார். முத்திரை சேர்க்கிறவராம். "சேர், முன்பக்கத்தையும் ஒருக்கா பாருங்களன்" என்று கெஞ்சினேன். ஒரு அட்டையைப் பாதி திருப்பி, மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எனக்கு உதவி செய்ய முன்வந்தார்: "ஒரு கோப்ப தண்ணி கொண்டு வாங்க மகள். இதுகள ஊறப் போட்டா முத்திர தானாக் கழண்டு வரும், நீங்க படத்தக் காய வெச்சு எடுக்கலாம்."

பேரனின் பேரன்

ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கீழே பில் போடச் சுணங்கினால் ஆட்கள் மேலே ஏறி வருவார்கள். அப்படி ஏறி வந்தவர்தான் இறக்காமத்து விவசாயி ஒருவர். முட்கம்பி வாங்க வந்தவர். நாங்கள் அன்றைக்கு யானைகள் ஆற்றில் குளிக்கும் அட்டைகளை மேசையில் பரப்பி வைத்திருந்தோம். தண்ணீர் நல்ல நீலம், யானைகளுக்கு லேசான ஊதா. பார்த்த எல்லோரும் "என்ன வடிவு!" என்று சொன்ன படங்கள்.

அவர் ஒவ்வொரு யானையாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். காதைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். ஒரு பெரிய யானையின் முன்னால் நின்றுவிட்டார். போன போகத்தில் கதிர் முற்றி அறுக்கிற நேரத்தில் யானை இறங்கி அவருடைய வயலை மிதித்துவிட்டுப் போனது என்று சொன்னார். முட்கம்பி அதற்குத்தான். "இது கண்டிப் பக்கத்து யானை காக்கா, அதுவும் நூறு வருசத்துக்கு முந்தினது" என்றேன். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். யோகா அக்கா தேத்தண்ணி கொடுத்தார். வாங்கிக் குடித்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கீழே பில் ரெடி என்று கூப்பிட்டபோது படியில் கால் வைத்தபடி சொன்னார்: "முந்தினதோ பிந்தினதோ, நெத்திய நல்லாப் பாருங்க மிஸ். எண்ட வயலுக்கு வந்தது இதுர பேரண்ட பேரன்தான்."

மருதமுனைச் சிவப்பு

ஒரு பெரிய படத்தில் கிணற்றடியில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் உடுத்திருக்கும் சேலையின் நிறம் சிவப்பா செம்மஞ்சளா என்று நானும் யோகா அக்காவும் பல நாள் வாதாடியிருக்கிறோம். அதைக் கேள்விப்பட்டு மருதமுனையிலிருந்து ஒரு கைத்தறி முதலாளி வந்தார். வரும்போதே பையில் நூல்கண்டுகள். ஒவ்வொரு கண்டாகப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஜன்னலடிக்குக் கொண்டு வரச் சொன்னார். வெயில் படக்கூடாது என்று நான் ஒரு பக்கம் இழுக்க, வெளிச்சம் வேண்டும் என்று அவர் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் படம் அசையாமல் திரைச்சீலை மட்டும் கொஞ்சம் விலகியது.

நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்து உண்மையைச் சொன்னேன். "முதலாளி, இந்தப் பொம்புள உண்மையில் என்ன நிறம் உடுத்தா எண்டு ஆருக்கும் தெரியா. வெள்ளையாவும் இரிந்திரிக்கலாம். நிறம் போட்டது ஜெர்மனியில ஒரு அச்சுக்காரன்." அவர் நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கொஞ்ச நாள் கழித்து அதே மனிதர் அதே சிவப்பில், அதே கரையோடு ஒரு சேலையைக் கொண்டு வந்து மேசையில் விரித்தார். அந்த அறையில் இருந்த எல்லா நிறமும் அதற்கு முன்னால் மங்கிவிட்டது. யோகா அக்கா அப்போதே தனக்கும் ஒரு சேலை நெய்யச் சொல்லி வைத்தார். நான் கரையைத் தடவிப் பார்க்க, முதலாளி சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஜெர்மன்காரன் கனவு கண்டத நான் நெய்து போட்டன். அவ்வளவுதான் மகள்."

தலைவரின் கணக்கு

எங்கள் நிலையத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். நல்ல மனிதர். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர், எதையும் நேரே கேட்பவர். பெட்டி வந்து பாதி வருசம் போனதும் ஒரு நாள் அறைக்கு வந்து சுற்றிப் பார்த்தார். கண்டி இருந்தது, காலி இருந்தது, நுவரெலியா நிறைய இருந்தது. பழைய திருகோணமலைகூட ஓரிரண்டு இருந்தது. "கல்முன எங்க?" என்றார். இல்லை என்றேன். "சாய்ந்தமருது? நிந்தவூர்?" இல்லை. "அக்கரைப்பற்று?" அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் படக்காரர்கள் ரயிலும் கப்பலும் போகிற இடத்துக்குத்தான் போனார்கள், எங்கள் பக்கம் வரவில்லை என்று விளங்கப்படுத்தினேன்.

அவருக்கு இந்த அறை கொம்பியூட்டர் வகுப்புக்குத் தேவைப்பட்டது. பிள்ளைகள் வெளியே வெயிலில் நின்று இடத்துக்குக் காத்திருப்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் வாய் வரவில்லை. வருசம் முடிந்து நஜீமா ராத்தா வருகிற மாதம் ஒரு கண்காட்சி வைப்போம், சனம் வராவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புவோம் என்று முடிவாகியது. படியிறங்கும்போது அவர் திரும்பி நின்று சொன்னதை யோகா அக்கா அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார்: "ஊர் உலகமெல்லாம் இரிக்கி மிஸ், ஊர்தான் இல்ல."

மாப்பிள்ளைக்குப் பின்னால்

கண்காட்சிக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்ற அவசரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கலியாண மண்டபம் அலங்கரிக்கும் ஒருவர், மணமேடைக்குப் பின்னால் மாட்டுவதற்கு நுவரெலியா ஏரிப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்டார். பிரதிதானே, அதைப் பார்த்து நாலு பேர் எங்களைத் தேடி வருவார்களே என்று கொடுத்தேன். எனக்கும் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. அலங்காரம் பிரமாதம். சுவர் முழுக்க ஏரி, ரோசாப்பூ வானம், நடுவில் தங்க நிறச் சோபா.

தபாலட்டையில் கடுகளவு இருந்ததெல்லாம் சுவரில் ஆளளவாகி நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெள்ளைக் கவுனோடு, குடை பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும், அந்தக் குடை சரியாக அவருடைய தலைக்கு மேல் வந்தது. அந்தப் பெண் அவருடைய தோளில் கையை வைத்தது போலவே இருந்தது. படம் பிடிக்கிறவர்கள் அவரைக் கொஞ்சம் அங்கால, கொஞ்சம் இஞ்சால என்று நகர்த்திப் பார்த்தார்கள். எப்படி இருந்தாலும் அவள் விடவில்லை. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. நான் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய பிரியாணிச் சஹன் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்போது மாப்பிள்ளையின் உம்மா எழுந்து நின்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "எண்ட மகனுக்குக் குட பிடிக்கிற இந்த வெள்ளக்காரி ஆரு? இவள நாங்க பேசி முடிக்கல்லயே!"

கடல் பார்க்க வந்தவர்

கண்காட்சிக்கு முந்திய கிழமை ஒரு சாய்ந்தமருதுப் பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய படங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களின் படம் ஏதாவது இருக்கிறதா என்றார். வீட்டோடு ஆட்களும் படங்களும் சேர்ந்து கடலோடு போன தெரு அது. கையில் வைத்துப் பார்க்க ஒரு படமும் மிச்சமில்லை. சுனாமிக்கு முந்தியது என்றால் எதுவானாலும் பரவாயில்லை என்றார். இந்தப் படங்கள் அதற்கும் மிக முந்தியவை, எங்கள் ஊர் எதிலும் இல்லை என்று சொன்னேன்.

"அப்ப கடலாவது இரிக்கா?" என்று கேட்டார். இருந்தது. ஹாஜியாரின் பெட்டியில் கடல் எவ்வளவும் இருந்தது. எந்தக் கரை என்றே எழுதாத ஒரு பெரிய கடற்படத்தை எடுத்து வைத்தேன். காலை வெளிச்சம், ஒரு தோணி, கரையில் நுரை மட்டும் வெள்ளை. அவர் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். யோகா அக்கா ஸ்கேனரை நிறுத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யோகா அக்காவும் அந்த நாளில் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வடிவாத்தான் இரிந்திரிக்கு மகள். கோவமில்லாம ஒருக்கா பாக்கோணும் எண்டு நெடுநாளா நினைச்சன், இண்டைக்குப் பாத்திட்டன்."

இடக்கை

கண்காட்சி அன்று காலையில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அதுவும் குறைந்தது. நஜீமா ராத்தா வந்து ஒரு கதிரையில் பேசாமல் இருந்தார். தலைவர் அறையை அளந்துகொண்டிருந்தார், கொம்பியூட்டர் மேசைகளுக்கு. அந்த நேரத்தில்தான் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் ஒருவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டார்.

படத்தில் கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளிவாசல். அதன் முற்றத்தில் பாய் விரித்து, தொப்பி போட்ட ஆட்கள் சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறார்கள். பச்சைப் பாய், நீலத் தொப்பிகள். கீழே ஆங்கிலத்தில் "சோனகர் விருந்து, மேற்குக் கரை" என்று அச்சடித்திருந்தது. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், உறையில் போட்டிருக்கிறேன், விவரம் எழுதியிருக்கிறேன். மரைக்கார் கண்டதை நான் காணவில்லை. அந்தப் பாயில் இருந்த எல்லோரும் இடக்கையால் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். ராத்தா எழுந்து வந்தார். தலைவர் அளவு நாடாவைச் சுருட்டினார். மரைக்காருக்கு முகம் சிவந்துவிட்டது: "கழட்டுங்க இத! நம்மட ஆக்கள் இடக்கையால தின்ற ஆக்கள் எண்டு காட்டுறதுக்கா கண்காட்சி வெச்சிரிக்கீங்க?"

திருப்பிப் போட்டபோது

நான் படத்தைக் கழற்றப் போனேன். அப்போதுதான் மூளையில் மின்னல் வெட்டியது. ஒருவர் இடக்கையால் சாப்பிட்டால் அவர் இடக்கைக்காரர். ஒரு சஹன் முழுக்க இடக்கையால் சாப்பிட்டால் பிழை அச்சுக்காரனுடையது! கண்ணாடி நெகட்டிவை முன்பின் மாற்றி வைத்து அடித்திருக்கிறான். வலது இடமாகிவிட்டது. "யோகா அக்கா, திருப்புங்க!" என்று கத்தினேன். அவர் கொம்பியூட்டரில் ஒரு தட்டுத் தட்டினார். ஸ்கேன் படங்கள் ஓடிக்கொண்டிருந்த பெரிய திரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலக்கைக்கு மாறினார்கள். கூட்டத்தில் "அல்லாஹு அக்பர்" என்று யாரோ சொல்ல, சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

நான் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் ஒரு சுவரில் வெளியே தள்ளிக்கொண்டு ஒரு வளைவு தெரிந்தது. மிஹ்ராப், இமாம் நின்று தொழுவிக்கும் மாடம். அது எப்போதும் மக்காவை நோக்கிய கிப்லாப் பக்கம், எங்கள் நாட்டில் மேற்குப் பக்கம். இந்தப் படத்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும், அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரைப் பக்கம் பார்த்து நின்றது. தரை மேற்கில் என்றால் கடல் எங்கே? திரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்: "இது மேற்குக் கரை இல்ல. கடல் கிழக்கால இரிக்கு. இது நம்மட கரை!" ஆட்கள் திரையைச் சுற்றி நெருக்கினார்கள். கோபத்தோடு நின்ற மரைக்கார் திரைக்கு ஓடிப் போய், மூக்கு முட்டும்படி நின்று பார்த்து, திரும்பும்போது வேறு மனிதராக இருந்தார். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "அதானே பாத்தன். நம்மட ஆக்கள் மரியாதையாத்தான் திண்டிரிக்காங்க!"

நாலு ஊர்ப் பள்ளி

நம்முடைய கரைதான், எந்த ஊர்? இந்தக் கேள்வி யாருடைய வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு அறையில் சமாதானம் இல்லை. கல்முனைக்குடிப் பள்ளி என்றார் மரைக்கார். தங்கள் ஊரில் இதே மாதிரித் தூண் வைத்த பள்ளி இருந்தது என்று வாப்பா சொல்லக் கேட்டதாகச் சாய்ந்தமருதார் ஒருவர் சொன்னார். மருதமுனைக் கைத்தறி முதலாளி, பாயின் கரையைப் பார்த்தாலே எங்கள் ஊர் என்று விளங்கவில்லையா என்றார். பாய்க்கு நிறம் போட்டவனும் ஜெர்மன்காரன்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், யோகா அக்கா என் கையைக் கிள்ளினார். எல்லோரும் கைபேசியை எடுத்து ஆட்களுக்குச் சொன்னார்கள். மாலையாவதற்குள் படிக்கட்டில் ஏற இடமில்லை. நிந்தவூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஹார்ட்வெயார் கடைக்காரர் வாசலில் இருந்த சீமெந்து மூடைகளை உள்ளே இழுத்தார். பெரியநீலாவணையிலிருந்து வந்த மீன்பிடிக்காரர்கள் சிலர், பள்ளி யாருடையதாக இருந்தாலும் கரையில் ஏற்றி வைத்திருக்கும் தோணி தங்களுடையது என்று வழக்கில் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் இரண்டு கையையும் தூக்கி, அமைதி அமைதி என்று கத்திப் பார்த்தார். அவரும் ஒரு கட்டத்தில் "என்ன இரிந்தாலும் அந்தக் கிணத்துக் கட்டப் பாத்தா எங்கட பக்கம் மாதிரித்தான்..." என்று தொடங்கிவிட்டார். கொம்பியூட்டர் வகுப்புக்கு ஏற்றதாக, கீழே கடைக்காரரின் சாமான் அறை ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்பதும் அந்த நெரிசலில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கடைக்காரரும் சரி என்றார். எந்த ஊர் என்று கடைசிவரை முடிவாகவில்லை. நானும் பிறகு எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், அடித்துச் சொல்ல ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை. விவரத்தில் "கிழக்குக் கரை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கே நாலு ஊரிலிருந்தும் முறைப்பாடு வந்திருக்கிறது.

அன்று ஆட்கள் கலைந்த பிறகு நஜீமா ராத்தாவைத் தேடினேன். அவர் வெறும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, வாயில் சிரிப்பு. கொழும்புக்கு எப்போது அனுப்ப வேண்டும் ராத்தா என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்: "இவ்வளவு சண்ட பிடிக்கிற சனத்துக்கிட்ட இருந்து இத நான் எப்பிடிப் பிரிச்சுக் கொண்டு போறது? இஞ்சயே இரிக்கட்டும். எண்ட வாப்பாவும் மருதமுனப் பள்ளி எண்டுதான் செல்லியிரிப்பாரு!"

பழைய படங்களைப் பூச்சியிடமிருந்தும் உப்புக் காற்றிடமிருந்தும் காப்பாற்ற மருந்து இருக்கிறது. அவற்றை எங்களுடையது, எங்களுடையது என்று சொல்கிற நாலு ஊரிடமிருந்து காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.